டபிள்யூ-9 படிவம்: ஒரு பக்கத்தின் நிறையும் குறையும்

அமெரிக்காவில் தனியொருவராக வடிவமைப்புப் பணி செய்துவரும் நான், புதிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் முதலில் நிரப்பித் தருவது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிடும் டபிள்யூ-9 படிவத்தைத்தான். பணம் பெறுபவரின் பெயரையும் வரி அடையாள எண்ணையும் தெரிவிக்கும் தாள் இது. இலவசமாகக் கிடைக்கும் இதில் நிரப்ப வேண்டியது முதல் பக்கம் மட்டுமே. அதை வரித்துறைக்கு அனுப்பாமல், பணம் தரும் நிறுவனமே தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும், எனக்குத் தந்த தொகையைக் காட்டும் 1099-என்இசி படிவத்தைத் தயாரிக்கப் பயன்படுத்துகிறது.

பலரும் தடுமாறும் இடம், பெயர் எழுதும் முதலிரண்டு வரிசைகள். ஒரே உரிமையாளரைக் கொண்ட எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்), கார்ப்பரேஷனாக வரி செலுத்தத் தேர்வு செய்யாதிருந்தால், முதல் வரிசையில் உரிமையாளரின் பெயரும் இரண்டாம் வரிசையில் நிறுவனத்தின் பெயரும் வர வேண்டும். தொடக்கத்தில் நான் இதை மாற்றி எழுதியதால், பெயரும் வரி அடையாள எண்ணும் பொருந்தவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. சரியான எண்ணைத் தராதவரின் கட்டணத்தில் 24 சதவீதம் வரியாகப் பிடித்தம் செய்யப்படக்கூடும் என்பதால் இது சிறு பிழையன்று. 2024 மார்ச் பதிப்பு இந்த இடத்தை முன்பைவிடத் தெளிவாக விளக்குகிறது.

என் பெருங்கவலை வேறு. தனிநபரின் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தாங்கிய இத்தாளைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்புமாறு ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நான் மறுத்து, பாதுகாப்பான பதிவேற்ற இணைப்பைக் கேட்டுப் பெற்றேன். 2024 மார்ச் பதிப்பின்படி, தனிநபராகத் தொழில் செய்வோர் அந்த எண்ணுக்குப் பதிலாக, ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாகப் பெறும் இஐஎன் என்ற தொழில் அடையாள எண்ணை எழுதலாம். அதைப் பெற்றுக்கொள்ளுமாறு எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

அமெரிக்கக் குடியுரிமையோ, வரி நோக்கில் அங்கு வசிப்பவர் என்ற நிலையோ இல்லாமல், சென்னையிலிருந்தபடி அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு இப்படிவம் பொருந்தாது. அவர் தர வேண்டியது வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் படிவம்.