சேலத்தில் நடுவழியில் ஏறுகிறவர்களுக்கு பஸ் டிக்கெட் ஆப்கள் எப்படி?

ஆம்னி பஸ் டிக்கெட் ஆப்களுக்குச் சென்னைக்காரரும் சேலத்துக்காரரும் ஒரே மார்க் போட முடியாது. சென்னையில் வண்டி கிளம்புகிற இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடலாம். சேலத்தில் ராத்திரி நாம் பிடிக்கும் வண்டிகளில் பல வேறு ஊரில் கிளம்பி வேறு ஊருக்குப் போகிறவை. பெங்களூரு–மதுரை, பெங்களூரு–கோவை, சென்னை–கோவை எல்லாம் நம்ம ஊர் பைபாஸில் ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடும். அந்த ரெண்டு நிமிஷத்தை ஆப் எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. சேலத்திலேயே கிளம்பும் சென்னை வண்டிக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் தேவைப்படாது. அவர்களுக்கு எந்த ஆப்பும் போதும்.

பணம் அதிகம் வீணாவது தேதியில். பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவு 9.30க்குக் கிளம்பும் வண்டி சேலம் வர ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். அதற்குள் சனிக்கிழமை பிறந்துவிடுகிறது. சேலம்–மதுரை என்று வெள்ளிக்கிழமையைப் போட்டுத் தேடினாலே சில ஆப்களில் இந்த வண்டி வரும். நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மறுநாள் தேதி இருக்கும், அவ்வளவுதான். வேறு சிலவற்றில் சனிக்கிழமையைப் போட்டால்தான் காட்டும். டிக்கெட்டின் தலைப்பில் பெரிதாக இருக்கும் தேதியை நம்பிப் போனவர் ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ போய் நிற்பார். ரயிலில் இந்தக் குழப்பம் கிடையாது: நாம் ஏறுகிற ஸ்டேஷனில் வண்டி எந்தத் தேதியில் கிளம்புகிறதோ அதுதான் டிக்கெட்டில் தேதி. பஸ் ஆப்பில் பணம் கட்டுமுன் 'போர்டிங் பாயிண்ட்' வரியைத் திறந்து, அங்கே இருக்கிற நேரத்தையும் தேதியையும் சேர்த்துப் படியுங்கள். 12 மணிக்கு மேல் என்றால் கிழமையை வாய்விட்டே சொல்லிப் பார்ப்பது நல்லது: வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டுமா, சனிக்கிழமை ராத்திரியா?

அடுத்தது ஏறும் இடம். புதிய பஸ் நிலையம், ஐந்து ரோடு, ஏ.வி.ஆர். ரவுண்டானா, குரங்குச்சாவடி, கொண்டலாம்பட்டி பைபாஸ், சீலநாயக்கன்பட்டி பைபாஸ், உடையாப்பட்டி என்று பட்டியல் நீளமாக வரும். எல்லா வண்டியும் எல்லா இடத்துக்கும் வராது. பெங்களூரிலிருந்து மதுரை போகிற வண்டி ஓமலூர் பக்கமிருந்து வந்து, பைபாஸிலேயே சீலநாயக்கன்பட்டி வரை போய் நாமக்கல் ரோட்டைப் பிடிக்கும். பெங்களூரிலிருந்து கோவை போகிறது கொண்டலாம்பட்டியிலேயே சங்ககிரி ரோட்டுக்குத் திரும்பிவிடும். அந்த வண்டிக்குச் சீலநாயக்கன்பட்டி என்று போட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். சென்னை–கோவை வண்டியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆத்தூர் வழியா, கிருஷ்ணகிரி வழியா? ஆத்தூர் வழி என்றால் உடையாப்பட்டிப் பக்கமிருந்து வரும். கிருஷ்ணகிரி வழி என்றால் ஓமலூர்ப் பக்கம். அம்மாப்பேட்டைக்காரருக்கு ஒன்று பக்கம், இன்னொன்று ஊரின் அடுத்த முனை. இந்த வழியை ஆப்கள் பளிச்சென்று சொல்வதில்லை. மற்ற ஊர்களில் நிற்கும் இடங்களைத் திறந்து பார்த்து, ஆத்தூர் இருக்கிறதா, தர்மபுரி இருக்கிறதா என்று நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெறுமனே 'சேலம் பைபாஸ்' என்று மட்டும் போட்டிருக்கும் வண்டியை விட்டுவிடுங்கள்.

இடம் சரியாக இருந்தாலும் மேம்பாலம் காலை வாரும். மேப்பில் புள்ளி நம் தலைக்கு மேலேயே இருக்கும். வண்டி பாலத்தின் மேல் போகும், நாம் கீழே சர்வீஸ் ரோட்டில் பையோடு நிற்போம். மேப்பில் மேலும் கீழும் ஒரே புள்ளிதான். டிரைவர் நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தவுடன் கூப்பிட்டு, 'பாலத்துக்கு மேலயா, கீழ சர்வீஸ் ரோடாண்ணா? எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிர்ல?' என்று கேட்டுவிடுங்கள். கிளீனரிடம் கேட்பது இன்னும் நல்லது, டிரைவர் ஓட்டிக்கொண்டிருப்பார். இந்த நம்பர் வண்டி கிளம்பும் ஊரின் நேரத்தை வைத்து முன்கூட்டியே வந்துவிடுகிறது என்பது ஆப்களின் உண்மையான நன்மை. பஸ் ஸ்டாண்டில் ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டில் அது கிடைக்காது.

லைவ் டிராக்கிங் நன்றாகவே வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு. புள்ளியைப் பார்க்காமல் அதற்குக் கீழே இருக்கும் 'கடைசியாகப் புதுப்பித்தது' நேரத்தைப் பாருங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பழசு என்றால் அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். பெங்களூரு வண்டி தர்மபுரி தாண்டிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் என்று ஆப் சொல்லும்; தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று மறித்துக்கொண்டால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. தொப்பூர் இறங்கி ஓமலூர்ப் பக்கம் வந்த பிறகு காட்டும் நேரத்தை மட்டும் நம்பி வீட்டை விட்டுக் கிளம்பலாம்.

சீட் வரைபடம், பெண்களுக்கான இருக்கையைத் தனி நிறத்தில் காட்டுவது, கட்டணத்தை வரிசைப்படுத்துவது எல்லாம் தரம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் கட்டும் பக்கத்தில் காப்பீடு, நன்கொடை என்று தானாக டிக் ஆகியிருப்பவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேன்சல் விதிதான் நம்ம ஊருக்கு நியாயமில்லாதது. எவ்வளவு நேரம் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற கணக்கு, பொதுவாக வண்டி முதலில் கிளம்பும் நேரத்திலிருந்துதான். சேலத்தில் 1.30க்கு ஏறப்போகிறவர் ராத்திரி 9.45க்கு ரத்து செய்தால் அவருக்கு இன்னும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருக்கிறது. ஆப்பின் கணக்கில் 9.30 வண்டி கிளம்பியாயிற்று, திரும்ப வருவது பூஜ்யம். முடிவை மாலைக்குள் எடுத்துவிடுவது ஒன்றே வழி. பணம் திரும்பும்போது 'வாலட்' என்று முன்னால் நீட்டுவார்கள். உடனே வரும், ஆனால் அடுத்த டிக்கெட்டுக்குத்தான் உதவும், சிலதுக்குக் காலக்கெடுவும் உண்டு. கட்டிய கணக்குக்கே திரும்ப அனுப்பும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். சில வேலை நாட்கள் ஆகும், பரவாயில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு மிகக் குறைந்த மார்க்தான் கொடுக்க முடியும். வண்டி நிற்காமல் போய்விட்டது என்று சாட்டில் சொன்னால், பஸ் நிறுவனத்தைக் கேட்பார்கள், அவர்கள் 'பயணி வரவில்லை' என்பார்கள், கோப்பு மூடப்படும். ராத்திரி ஒரு மணிக்குச் சேலம் பைபாஸில் யார் எங்கே நின்றார் என்பது சாட்டில் பதில் சொல்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் நம் கையில் இருந்தால்தான் உண்டு. இடத்தில் நிற்கும்போதே கடைப் பலகை தெரியும்படி ஒரு போட்டோ, நேரம் தெரியும்படி மேப் ஸ்கிரீன்ஷாட், டிரைவருக்குப் போட்ட அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட். மூன்றையும் அன்றைக்கே, அதே சாட்டில் அனுப்ப வேண்டும். 'டிக்கெட் முடிக்கப்பட்டது' (அதாவது, புகாரை மூடிவிட்டோம்) என்று பதில் வந்தால் சாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆப்பின் அடிப்பகுதியில் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும், அங்கே எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நம் பணம் 800 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம் இருப்பதால்தான் 'பயணி வரவில்லை' என்ற பதில் இன்னும் செல்லுபடியாகிறது.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஆப் தேவையா என்றால், இல்லை. கோவைக்கும் பெங்களூருக்கும் புதிய பஸ் நிலையத்தில் அரசு பஸ் அடிக்கடி கிடைக்கிறது. உட்கார்ந்து போவதற்கு முன்பதிவே வேண்டாம், விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் ஏறலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கி ராத்திரி வண்டி பிடிக்கிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பைபாஸை விட்டுவிட்டுப் புதிய பஸ் நிலையத்தையே ஏறும் இடமாகப் போடுங்கள். படுத்துக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும் என்றால் ஆப் சரியான கருவி. தனியாகப் போகும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் டிக்கெட் போடும்போது, நூறு ரூபாய் கூடுதல் என்றாலும் சேலத்திலேயே கிளம்பும் வண்டியாகப் பார்த்துப் போடுங்கள்.