காசிப் படித்துறை ஓவியம்: தாராளமாக வாங்கலாம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் வாங்கிய கேன்வாஸ் ஓவியம் இது, காசியின் கேதார் படித்துறையில் விடியற்காலையில் மக்கள் நீராடும் காட்சி. வரைந்தவர் ஊரை நன்றாகக் கவனித்திருக்கிறார். அங்கே கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், அதனால் உதிக்கும் சூரியனைப் பார்த்துக் கைகூப்பி நிற்பவர்களின் முகத்தில் நேராக வெளிச்சம் விழ வேண்டும், இதில் அப்படியே விழுகிறது! படிகளின் காவி வெள்ளைப் பட்டைகளும் சரியாக இருக்கின்றன. குமரகுருபரர் நிறுவிய மடம் இந்தத் துறையில்தான் இருக்கிறது என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். ஈரப் புடவையோடு படியேறும் பாட்டியை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தண்ணீரின் நீலம்தான் கொஞ்சம் அதிகம். சட்டம் மெல்லிய மரம், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு வளையும், அதனால் சட்டம் இல்லாமல் வாங்கி வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.