சம்பளமில்லா ஜூனியரா, சம்பள வேலையா? சட்டம் முடித்தவருக்கு எது கட்டுபடியாகும்

மற்ற படிப்புகளில் சம்பளமில்லாமல் வேலை பழகுவது என்றால் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் அது இரண்டு மூன்று வருடம் இழுக்கும். யாரும் அதைத் தவறாகக் கூட நினைப்பதில்லை. "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்று சீனியர் சொல்வார். பையனோ பெண்ணோ கறுப்புக் கோட்டோடு போய் வருவதைப் பார்த்துப் பெருமைப்பட்ட வீடு, இரண்டாம் வருடம் "இன்னுமா ஒண்ணும் தரல?" என்று கேட்க ஆரம்பிக்கும்.

எண்ரோல்மென்ட் (பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு) முடித்தவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னையில் பெயர் பெற்ற சீனியரிடம் காசில்லாமல் சேர்வது, சொந்த ஊர் கோர்ட்டில் ஒருவரிடம் அரைகுறைக் காசுக்குச் சேர்வது, கோர்ட் பக்கமே போகாமல் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குப் போவது. அதிகம் பேசப்படாத இரண்டு வழிகள் தனியாக உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

சென்னை சீனியர்

இதில் கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனுவை (பெரும்பாலும் அரசின் நடவடிக்கையை எதிர்த்துப் போடுவது) தாக்கல் செய்தால் அது நேராக நீதிபதி முன் போய் நிற்காது. முதலில் எஸ்.ஆர். எண் என்ற தற்காலிகப் பதிவு எண் விழும். பிறகு பிரிவில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். இணைப்பின் நகல் மங்கலாக இருக்கிறது, எதிர்மனுதாரர் முகவரி முழுதாக இல்லை, பிரமாணப் பத்திரத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பென்சிலில் குறித்து மனுக் கட்டைத் திருப்பிவிடுவார். குறையைச் சரிசெய்து, கொடுத்த கெடுவுக்குள் மறுபடி போட வேண்டும். கெடு தாண்டினால் அந்தத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வழக்குக்கே எண் கிடைக்கும். ஐந்து வருடச் சட்டப் படிப்பில் இதற்கு ஒரு பாடமும் கிடையாது. தம்பு செட்டித் தெருவிலோ அரண்மனைக்காரத் தெருவிலோ இருக்கும் ஏதாவது ஆபீசில் நாலு முறை கட்டு ரிட்டர்ன் ஆகித் திரும்பி வந்தால்தான் வசப்படும்.

அதோடு, நல்ல வாதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நீதிபதி கேள்வி கேட்கும்போது சீனியர் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார், எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார் என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது.

ஆனால் இந்தப் பாடம் எத்தனை நாளைக்கு? ரிட்டர்ன் கட்டைச் சரிசெய்வது முதல் ஆறு மாதம் கல்வி. மூன்றாம் வருடமும் அதையே செய்துகொண்டிருந்தால் அது குமாஸ்தா வேலை, அந்த ஆபீசின் குமாஸ்தாவுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது என்ற வித்தியாசத்தோடு. பெரிய ஆபீசில் ஏழெட்டு ஜூனியர்கள் இருந்தால் எழுந்து நின்று பேசும் வாய்ப்பு வரிசைப்படிதான் வரும். கடைசியில் சேர்ந்தவருக்கு "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும்" (வழக்கைச் சற்றுப் பொறுத்து எடுக்க வேண்டும்) என்று சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

செலவைப் பார்ப்போம். திருவல்லிக்கேணியில் பங்கு அறை, மெஸ் சாப்பாடு, போக்குவரத்து, போன், சலவை எல்லாம் சேர்த்து எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதம் ₹12,000-க்குக் குறையாது என்பது என் கணக்கு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவர்களுக்குப் போக்குவரத்தில் கொஞ்சம் மிச்சம். விடுதி வாடகையில் அது போய்விடும். இரண்டு வருடத்துக்கு ₹2,88,000. சீனியர் "ஃப்ரீயாகக் கற்றுக்கொடுக்கிறேன்" என்று சொல்லும் தொழிலுக்கு உங்கள் அப்பா கட்டும் ஃபீஸ் அது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்கு உதவித்தொகை இல்லாமல் வேலை வாங்குவது சுரண்டல் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதையொட்டித் தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது ₹20,000, மற்ற ஊர்களில் ₹15,000. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு ₹20,000, கிராமப்புறத்துக்கு ₹15,000 என்று பரிந்துரைத்தது.

சுற்றறிக்கை காகிதத்தில் பலமாகத்தான் இருக்கிறது. தராத சீனியர் மேல் புகார் கொடுக்க வேண்டியவர் யார்? அவரிடமே தினமும் போய் நிற்கும் ஜூனியர். அந்தப் புகாரைக் கொடுத்துவிட்டு மறுநாள் அதே வராண்டாவில் நடக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? கேட்டு வாங்குவது கஷ்டம் என்றாலும், சேரும் முன் பேசும்போது "பார் கவுன்சில் சொன்ன தொகை..." என்று ஆரம்பிக்க இன்று ஒரு காகிதம் இருக்கிறது. முன்பு அதுவும் இல்லை.

ஊர் கோர்ட்

முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாஜிஸ்திரேட் கோர்ட் உள்ள ஏதாவது தாலுகா தலைநகரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் நிலையான சம்பளம் என்று பெரிதாகக் கிடையாது. வாய்தாவுக்குப் போய் வந்தால் கையில் இருநூறு ஐந்நூறு, பெரிய ஃபீஸ் வந்தால் அதில் ஒரு பங்கு, தீபாவளிக்குத் துணி. ஆனால் சாப்பாடும் படுக்கையும் வீட்டில். அதனால் பூஜ்ஜியம் என்பது இங்கே பூஜ்ஜியமாகவே இருக்கிறது, சென்னையில் அது மைனஸ் பன்னிரண்டாயிரம்.

பணத்தைவிட முக்கியமான வித்தியாசம், வாயைத் திறக்கும் வாய்ப்பு. சீனியருக்கு ஒரே நாளில் மூன்று கோர்ட்டில் கேஸ் இருக்கும், ஜூனியர் ஒருவர்தான். சேர்ந்த சில மாதங்களிலேயே ஜாமீன் மனுவில் பேச வேண்டிவரும். செக் மோசடி வழக்கு, ஜீவனாம்சம், வாகன விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை எல்லாம் கையில் வரும். ஒரு வருடத்துக்குள் சின்னச் சாட்சி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்திருப்பீர்கள். சென்னையில் அதே நேரத்தில் சேர்ந்த உங்கள் வகுப்புத் தோழர் அப்போது இன்னும் கட்டைத் தூக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சாதகம் காலம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. முப்பது வருட அனுபவமுள்ளவருக்கும் பிரிவு எண்கள் புதுசு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு, இப்போது அதே 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. சீனியர் தடுமாறும் இடத்தில் பிரிவை எடுத்துக் கொடுக்கும் ஜூனியருக்கு மரியாதை தானாக வரும். பெரிய சேம்பரில், அதாவது பெரிய சீனியரின் ஆபீசில், இதைச் செய்ய ஏழு பேர் போட்டி.

ஊர் கோர்ட்டின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ரிட், கம்பெனி வழக்கு, வரி வழக்கு இங்கே கண்ணில் படாது. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருப்பதால் அந்த ஏக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதைவிட உறுத்தும் விஷயம், கட்சிக்காரர் யாரைத் தேடி வருகிறார் என்பதைச் சாதியும் சொந்தமும் தீர்மானிக்கும் ஊர்கள் உண்டு. ஊரில் ஆள்பலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, முகம் தெரியாத சென்னைதான் சில சமயம் நியாயமான இடம். இதைத் தெரியாததுபோல் "சொந்த ஊருக்கே போ" என்று பொத்தாம்பொதுவாக யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கம்பெனிச் சம்பளம்

எல்.பி.ஓ. (வெளி நிறுவனங்களின் சட்ட வேலையை எடுத்துச் செய்யும் கம்பெனி), கம்பெனியின் சட்டப் பிரிவு, வங்கி. ஒன்றாம் தேதி சம்பளம் வரும், ஒப்பந்தம் எழுதவும் படிக்கவும் வரும், கல்விக் கடன் அடையும். இதில் கேவலம் ஒன்றும் இல்லை.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்ததைத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அந்த வருடங்கள் பிராக்டீஸ் கணக்கில் வராது. முன்பு இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. சட்டம் முடித்த கையோடு சிவில் நீதிபதித் தேர்வு எழுத வழி இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், கீழமை நீதித்துறையில் நுழைய மூன்று வருடப் பிராக்டீஸ் வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அரசு உதவி வழக்கறிஞர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருடம். ஆக, நீதிபதி கனவோடு "ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டு வரேன்" என்று கம்பெனிக்குப் போனால், அந்த இரண்டு வருடமும் கனவிலிருந்து கழிகிறது. கனவு அது இல்லை என்றால் தயங்கவே வேண்டாம், போய்விடுங்கள்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு நுணுக்கம். மூன்று வருடம் தொழில் செய்தேன் என்பதற்குச் சான்று, அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரான நீதிபதியிடமிருந்தோ, குறைந்தது பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞரிடமிருந்தோ வர வேண்டும். வழக்கறிஞர் கொடுப்பதை நீதித்துறை அலுவலரும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதாவது, உதவித்தொகை தராத சீனியரின் பேனாவுக்கு இப்போது இன்னும் கொஞ்சம் எடை கூடியிருக்கிறது. யாரிடம் சேர்கிறோம் என்று விசாரித்துச் சேர இதுவே போதுமான காரணம்.

பலர் பார்க்காத இரண்டு

சென்னை உயர் நீதிமன்றம் நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவியாளர்களைத் தற்காலிகமாக எடுக்கிறது. 2025-ல் வந்த அறிவிப்பில் மாதம் ₹30,000. அந்தக் காலத்தில் பிராக்டீஸ் செய்யக் கூடாது. ஆனால் நீதிபதிகளிடம் லா கிளார்க்காக, அதாவது இப்படிப்பட்ட உதவியாளராக, இருந்த அனுபவத்தையும் மூன்று வருடக் கணக்கில் சேர்க்கலாம் என்று மேலே சொன்ன தீர்ப்பே சொல்கிறது. பெரிய சீனியரின் வாதத்தை நீதிபதியின் பக்கத்திலிருந்து பார்க்கிற இடம், அதற்குக் காசும் தருகிறார்கள். கிடைத்தால் சம்பளமில்லா சேம்பரை இதோடு ஒப்பிடவே தேவையில்லை. இடங்கள் குறைவு என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்று, சட்ட உதவி தற்காப்பு வழக்கறிஞர் முறை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டுத் திட்டம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் நடக்கிறது. உதவி நிலைப் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த வேலைதான், தனியாக வழக்கு எடுக்க முடியாது. ஆனால் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்காகத் தினமும் கோர்ட்டில் நிற்கும் வேலை, மாதாமாதம் பணமும் வரும். குற்றவியல் பக்கம் போக நினைப்பவர் மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் வரிசை

முதல் தலைமுறைப் பட்டதாரி, வீட்டிலிருந்து மாதம் பணம் வராது என்றால் முதலில் தற்காப்பு வழக்கறிஞர், ஆராய்ச்சி உதவியாளர் இரண்டுக்கும் விண்ணப்பம். அது வரும்வரை ஊர் கோர்ட். ஊர் ஒத்துவராது என்றால் சென்னையில் கொஞ்சமாவது தரும் நடுத்தர ஆபீஸ், சீனியரின் பெயர் பத்திரிகையில் வராவிட்டாலும் பரவாயில்லை. அப்பா அம்மா சென்னையிலேயே இருக்கிறார்கள், சோற்றுக்குக் கவலை இல்லை என்றால் பெரிய சேம்பரில் ஆறு மாதம் காசில்லாமல் இருக்கலாம். ஆறாம் மாதம் தொகையைப் பேச வேண்டும், பேச்சு வழுக்கினால் நகர வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "சார், வக்காலத்தில் என் பேரையும் சேர்த்துக்கலாமா?" வழக்கை நடத்தக் கட்சிக்காரர் அதிகாரம் கொடுக்கும் அந்தத் தாளில் பெயரும் எண்ரோல்மென்ட் எண்ணும் இருந்தால்தான், நீங்கள் மூன்று வருடம் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு நாளைக்கு ஆதாரம். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேட முடிகிற காலம் இது. பணம் தர முடியாது என்கிற சீனியருக்கும் இதில் ஒரு பைசா செலவில்லை. இதற்கும் அவர் யோசித்தால் அந்த ஆபீசில் அடுத்த மாதம் இருக்க வேண்டாம்.