கனடாவில் இலையுதிர்காலம்: அல்கோன்குவினா, மொரெய்ன் ஏரியா, கேப் பிரெட்டனா?

கனடாவின் இலையுதிர்காலத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் ஊரை முடிவு செய்துவிட்டு, அப்புறம் லீவு போடுகிறார்கள். இது தலைகீழ். எந்த வாரம் லீவு கிடைக்கும் என்பதுதான் ஊரைத் தீர்மானிக்க வேண்டும். செப்டம்பர் 20ஐ ஒட்டி என்றால் ஆல்பர்ட்டாவின் மொரெய்ன் ஏரி. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் சில நாள் வரை ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்கா. அக்டோபர் இரண்டாவது வாரம்தான் வாய்க்கும் என்றால் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன். ஆண்டுக்கு ஆண்டு ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும்.

அடுத்தது நிறம். சிவப்பு வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். தேசியக் கொடியின் மேப்பிள் இலையை மனத்தில் வைத்துக்கொண்டு மொரெய்ன் ஏரி இருக்கும் பான்ஃப் பக்கம் போனால் ஏமாற்றம்தான். மலையையே சிவக்க வைக்கும் சுகர் மேப்பிள் மரக்காடுகள் அங்கே கிடையாது. மஞ்சள் நிறமி கோடையிலும் இலைக்குள்ளேயே இருக்கிறது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. பகலில் வெயிலும் இரவில் குளிரும் அமைந்தால், இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அது புதிதாக உருவாக வேண்டும். தொடர்ந்து மூட்டமும் வெதுவெதுப்பான இரவுகளுமாக இருந்தால் அந்த ஆண்டு சிவப்பு மங்கிவிடும். அதனால் மஞ்சளை நம்பிப் போகலாம். சிவப்புக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும்.

அல்கோன்குவின் டொராண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய 3 மணி நேரம். பூங்காவுக்குள் 60ஆம் எண் நெடுஞ்சாலை 56 கி.மீ. ஓடுகிறது, எல்லா இடத்துக்கும் மேற்கு வாசலிலிருந்து எண்ணிய கி.மீ. கணக்குதான் முகவரி. மேற்குப் பக்க மேட்டுநிலத்தில் சுகர் மேப்பிள், கிழக்கே மணற்பாங்கான நிலத்தில் பைன். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் மேற்குப் பாதியிலேயே சுற்றுங்கள். 40ஆவது கி.மீ. அருகே இருக்கும் லுக்அவுட் நடைபாதை 2 கி.மீ. சுற்று, ஏற்றம் செங்குத்து, ஆனால் காட்சி கைமேல் கிடைக்கும். முழு நாள் இருந்தால் 10 கி.மீ. நீளமுள்ள சென்டெனியல் ரிட்ஜஸ்.

இங்கே சொதப்புவது பெரும்பாலும் அனுமதிச் சீட்டில்தான். பூங்காவில் நிற்காமல் கடந்து போக எதுவும் தேவையில்லை. எங்காவது வண்டியை நிறுத்தினால் அன்றைய வாகன அனுமதி வேண்டும். அது 5 நாள் முன்னதாக இணையத்தில் திறக்கும், சீசன் வார இறுதிகளில் சீக்கிரமே தீர்ந்துவிடும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. திங்கள் முதல் வியாழன் வரை போனால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

செப்டம்பர் நடுவில் சதுப்போரத்து மரங்கள் சிவந்திருப்பதைப் பார்த்து ‘உச்சம் வந்துவிட்டது’ என்று நினைக்க வேண்டாம். அது ரெட் மேப்பிள். இலையை எடுத்துப் பாருங்கள்: ஓரம் ரம்பம்போல் பற்களோடு இருந்தால் ரெட் மேப்பிள், ஐந்து மடல்களும் மடல்களுக்கிடையே வழவழப்பான வளைவும் இருந்தால் சுகர் மேப்பிள். இரண்டாவதுதான் மலைச்சரிவு முழுவதையும் பற்றவைக்கும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில், அதாவது அக்டோபர் இரண்டாவது திங்களையொட்டி. அதற்குள் அல்கோன்குவினில் சுகர் மேப்பிள் பெரும்பாலும் கொட்டியிருக்கும். மிஞ்சுவது ஆஸ்பன் மரங்களின் மஞ்சள்தான்.

மொரெய்ன் ஏரியின் கதை வேறு. அங்கே பார்க்கப் போவது லார்ச். ஊசியிலை மரமாக இருந்தும் பொன்னிறமாகி இலையை உதிர்த்துவிடும் விசித்திரம். நீல ஏரி, பனிச்சிகரம், தங்க மரம் என்று படத்துக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் உச்சம் இரண்டு வாரம்கூட நிற்பதில்லை, கூட்டமும் அந்த நாட்களிலேயே வந்து குவியும். 2023 முதல் மொரெய்ன் ஏரிச் சாலையில் சொந்த வண்டி, வாடகைக் கார் எதற்கும் அனுமதியில்லை. லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மைய நிறுத்தத்திலிருந்து பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்கா நிர்வாகம்) விடும் ஷட்டில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருக்கைகளில் ஒரு பகுதி வசந்தத்திலேயே விற்பனைக்கு வரும். மீதி பயணத்துக்கு 2 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும், அதுவும் ஆல்பர்ட்டா நேரப்படி. டொராண்டோவில் உட்கார்ந்து பதிவு செய்தால் காலை 10 மணி.

ஏரிக்கரையோடு திரும்பினால் லார்ச் அதிகம் கண்ணில் படாது. லார்ச் பள்ளத்தாக்குக்குச் சுமார் 4 கி.மீ. நடை, 500 மீட்டருக்கு மேல் ஏற்றம். செப்டம்பரிலேயே பனி கொட்டி வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். கரடி விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது, இறங்கிய பிறகு வாங்குங்கள். முட்டி வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தை விட்டுவிடலாம்.

கேப் பிரெட்டனில் காரை விட்டு இறங்காமலே பாதி பார்த்துவிடலாம். கேபட் டிரெயில் 298 கி.மீ. சுற்றுச் சாலை. பாடெக்கிலிருந்து இங்கோனிஷ் வழியாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போனால் கடலோர லேன் உங்களுடையது, காட்சி மேடைகளில் ஒதுங்குவது சுலபம். மலைவிளிம்பு பயம் இருந்தால் ஷெட்டிகாம்ப் வழியாகத் தொடங்குங்கள், மலையை ஒட்டிய லேன் கிடைக்கும். குறை இரண்டு: அட்லாண்டிக் புயல் ஒன்று அடித்தால் ஒரே இரவில் மரம் மொட்டையாகிவிடும், அக்டோபரில் கெல்டிக் கலர்ஸ் இசைவிழா நடக்கும் ஒன்பது நாளும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கியூபெக்கின் மோன் ட்ராம்ப்ளானும் அழகுதான், மான்ட்ரியலுக்குப் பக்கம். தேதிக் கணக்கு கிட்டத்தட்ட அல்கோன்குவின் போலவே என்பதால் தனியே அலசவில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு அல்கோன்குவினுக்கே. காரணம் அழகு மட்டுமல்ல. கணக்குத் தப்பினாலும் சமாளிக்கலாம். உச்சம் கடந்துவிட்டதென்றால் தெற்கே நயாகரா செங்குத்துப் பாறைத்தொடர் இருக்கிறது. ஹாமில்டனை அடுத்த டன்டாஸ் பக்கம் அக்டோபர் நடுவுக்குப் பிறகுதான் நிறம் ஏறும். டன்டாஸ் சிகரத்துக்கும் சீசனில் முன்பதிவு உண்டு, அதை மறந்துவிட வேண்டாம்.