டென்ஷா தே கோ: பதினெட்டு வருஷமா பிரேக் மட்டும்தான் பிடிக்கிறேன்

போன வாரம், டென்ஷா தே கோ என்ற ஜப்பானிய ரயில் ஓட்டும் வீடியோ கேமுக்கான என் பழைய கன்ட்ரோலரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து டோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பையன் ட்ரெயின் கேம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நின்டெண்டோ ஸ்விட்ச்ல, டோக்கியோவைச் சுத்துற யாமனோட்டே லைன் கேம் ஒண்ணு இருக்காமே, வாங்கலாமா?"

பாவம், ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். நாற்பது நிமிஷம் பேசினேன். நடுவில் இரண்டு தடவை "சரிண்ணா, சாப்ட்டீங்களா?" என்று நழுவப் பார்த்தார், விடவில்லை. அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கன்ட்ரோலர். 2007-ல் டோக்கியோ வந்த புதிதில், ஒரு பழைய சாமான் கடையின் மூலையில், ஒயர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தது. முதல் பிளேஸ்டேஷனுக்கான இரட்டைக் கைப்பிடிப் பெட்டி. இடது கையில் வேகம் கூட்ட ஐந்து நாட்ச், அதாவது ஐந்து படி. வலது கையில் பிரேக்குக்கு எட்டு நாட்ச், அதையும் தாண்டி இழுத்தால் அவசர பிரேக். ஒவ்வொரு நாட்சும் "டக்" என்று விழும். அந்த டக்குக்காகத்தான் வாங்கினேன். ஆட்டத்தின் டிஸ்க்கை அடுத்த வாரம்தான் தேடிப் பிடித்தேன்.

பதினெட்டு வருஷத்தில் வந்த ஒரே கோளாறு, பிரேக் ஐந்தாம் நாட்ச். ஐந்து வைத்தால் வண்டி வேறு எதையோ பிடிக்கும். காரணம் அற்பமானது. இந்தப் பெட்டி பிரேக் எண்ணைத் தனியாக அனுப்புவதில்லை. சாதாரண கன்ட்ரோலரில் தோளில் இருக்கிற எல்1, எல்2, ஆர்1, ஆர்2 பொத்தான்களில் எவை அழுந்தியிருக்கின்றன என்ற சேர்க்கையாகத்தான் அனுப்புகிறது. நாலில் ஒன்று மக்கர் செய்தால் ஆட்டத்துக்கு வேறு எண் போய்ச் சேரும். அகிஹபாராவில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கினார்கள், உள்ளே போய் வந்தார்கள், பாகம் கிடையாது என்று குனிந்து சொல்லி அதே பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் நானே திருகாணியைக் கழற்றினேன். உள்ளே பழைய கிரீஸ் வேப்பம்பிசின் மாதிரி இறுகியிருந்தது. பட்ஸ், கான்டாக்ட் கிளீனர், இரண்டு சாயங்காலம். இப்போது ஐந்து ஐந்தாகவே விழுகிறது.

ஒரு நாட்சுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அந்த ஐந்துதான் ஆட்டமே.

டைட்டோ நிறுவனம் 1996-ல் டென்ஷா தே கோவைக் காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷினாகக் கொண்டுவந்தது, 1997 டிசம்பரில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. பெயருக்கு அர்த்தம் "ரயிலில் போவோம்". போவதைப் பற்றி ஆட்டம் பெரிதாகக் கவலைப்படுவதே இல்லை என்பதுதான் வேடிக்கை. ரயிலைக் கிளப்ப யாராலும் முடியும். கைப்பிடியை முழுக்கத் தள்ளிவிட்டு டீ குடிக்கலாம். கேள்வியெல்லாம் நிற்பதில்தான். குறித்த நொடியில், குறித்த இடத்தில், உள்ளே நிற்கிறவர் பக்கத்து ஆள் மேல் சாயாமல் நிற்க வேண்டும். கையில் சில நொடிகள் இருப்பாகக் கொடுப்பார்கள். தாமதமானால் அதில் கழியும். நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றால் கழியும். அவசர பிரேக்கைத் தொட்டால் கழியும். இருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, அடுத்த காசைப் போடு.

முதல் மாதம் எனக்கு ஒரு ஸ்டேஷன்கூட உருப்படியாக அமையவில்லை. பயந்து முன்கூட்டியே பிரேக் பிடிப்பேன். வண்டி பிளாட்பாரத்தின் பாதியில் நொண்டும், மறுபடி கொஞ்சம் தள்ளி, மறுபடி பிடித்து, அதற்குள் நேரம் போயிருக்கும். வழி காட்டியது என் ஆபீஸில் இருந்த ஒரு ஜப்பானியப் பெரியவர். மதிய இடைவேளையில் ஸ்கேலை பிரேக் கைப்பிடியாக வைத்துச் செய்து காட்டினார். முதலிலேயே ஐந்து வரை போட்டு நன்றாக அமுக்கு. வேகம் உடைந்ததும் நாலு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக விடு. நிற்கிற கணத்தில் ஒன்றுதான் மிச்சம் இருக்க வேண்டும். மாடிப்படி இறங்குவது போல. ஐந்தைப் பிடித்தபடியே நின்றால் வண்டி நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டான் என்றார். அன்று ராத்திரி முதல் தடவையாகக் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்குக் கத்தினேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார், அது வேறு மாதிரி. 2005 ஏப்ரல் 25-ஆம் தேதி அமகசாகியில் நடந்த விபத்து. அந்த ரயில் அதற்கு முந்தைய இதாமி ஸ்டேஷனில் எழுபது மீட்டருக்கு மேல் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்து ஆளை ஏற்றியிருக்கிறது. தாமதத்தோடு கிளம்பி, 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 116-ல் போய்த் தடம் புரண்டது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தாமதத்துக்கும் தாண்டி நிற்பதற்கும் ஓட்டுநர்களுக்குக் கொடுத்துவந்த தண்டனைப் பயிற்சிகள் பற்றி அப்போது நாடே பேசியது. கேட்ட பிறகு ஒரு மாதம் பெட்டியைத் தொடவில்லை. திரையில் "தாண்டிவிட்டாய்" என்று நொடி கழியும்போது இப்போதும் சில நாள் அது ஞாபகம் வரும்.

தொடர் எப்படி வளர்ந்தது என்பதை தம்பிக்கு வேகமாகச் சொன்னேன், இங்கேயும் அப்படியே. முதல் ஆட்டத்தில் யாமனோட்டே, கெய்ஹின் டொஹோகு என்று டோக்கியோ பாதைகள். கூடவே க்யோட்டோ பக்கம் சாகானோ பாதை, மலையும் குகையுமாக. 1998-ல் இரண்டாம் பாகம், ஆர்கேடில். நின்டெண்டோ 64-க்கு 1999-ல் வந்த பதிப்பில் மைக் வைத்து ஸ்டேஷன் பெயரை நீங்களே வாயால் அறிவிக்கலாம், அந்தக் காலத்தில்! பிறகு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலுக்குத் தனி ஆட்டம், அதற்கென்றே ஒரு கன்ட்ரோலர். எனோஷிமா ஓரம் வீட்டு வாசல்களை உரசிப்போகிற எனோடென் மாதிரி குட்டி ரயில்களுக்கு என்று பிளேஸ்டேஷன் 2-ல் ஒன்று. என்னைக் கேட்டால் தொடரின் மனசு அங்கேதான் இருந்தது. 2004-ல் "ஃபைனல்" என்று பெயர் வைத்தே முடித்தார்கள். நம்ம ஊர் ஜவுளிக்கடையில் வருஷம் முழுக்கத் தொங்குமே, "கடைசி மூன்று நாள் தள்ளுபடி", அந்த மாதிரி ஃபைனல். 2007-ல் நின்டெண்டோவின் வீ-க்கு வந்தது, 2010-ல் அவர்களுடைய டிஎஸ்-க்கு வந்தது, 2017-ல் ஓட்டுநர் அறை மாதிரி பெரிய ஆர்கேட் கூண்டாகவே திரும்பி வந்தது. அந்தக் கூண்டின் வாரிசுதான் தம்பி கேட்டது: 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்கும், 2021 மார்ச்சில் ஸ்விட்சுக்கும் வந்த "ஓடுவோம் யாமனோட்டே லைன்".

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் கோமகோமேயில் குடியிருக்கிறேன், ஆபீஸ் கோடான்டாவில். இரண்டும் யாமனோட்டே மேல்தான். 34.5 கிலோமீட்டர் வட்டம், 30 ஸ்டேஷன், பாதியைத் தினமும் பார்க்கிறேன். புது ஆட்டத்தில் வட்டம் முழுக்க இருக்கிறது, 2020 மார்ச்சில் திறந்த தகனாவா கேட்வே உட்பட. கோமகோமே தாண்டி தபாட்டாவுக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. இந்த மொத்த வட்டத்துக்கும் மிச்சம் இருக்கிற ஒரே கேட் அதுதான். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சைக்கிளோடு அங்கே நின்று எத்தனை வண்டியை விட்டிருப்பேன்! ஆட்டத்தில் முதல் தடவை அதை ஓட்டுநர் பக்கத்திலிருந்து தாண்டியபோது, கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேனா என்று கண் தேடியது. அவ்வளவு அச்சு அசல்.

எரிச்சல் எங்கே என்றால், அது ஓட்டவிடுவதே இல்லை. இந்தச் சிக்னலைச் சுட்டிக்காட்டு, இந்த இடத்தை இந்த நொடியில் கட என்று திரையில் கட்டளை மேல் கட்டளை. செய்தால் மினுக்குகிறது, புள்ளி வருகிறது, நிலை ஏறுகிறது, புது வண்டி திறக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிற அந்த ஒரு மூச்சில், பண்டிகை நாள் கடைத்தெரு மாதிரி ஏதாவது ஒன்று பளிச்சிடும். பழைய ஆட்டமும் புள்ளி கொடுத்தது, ஆனால் வாயை மூடிக்கொண்டு கொடுத்தது. அதோடு, மலை, கடல், தெருவோர ரயில் என்று நாடு முழுக்கச் சுற்றிய தொடர் கடைசியில் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சாய்க்யோ லைன், நரிதா எக்ஸ்பிரஸ் என்று சில துண்டுகள் உண்டு, அவையும் இந்த வட்டாரத்திலேயே ஓடுகின்றன.

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று. அதற்கு ஆட்டம் பொறுப்பில்லை, இருந்தாலும் கோபம் அதன் மேல்தான். காலையில் முதல் பெட்டியில் ஏறினால் கண்ணாடி வழியாக ஓட்டுநர் கையைப் பார்ப்பது என் பழக்கம். முன்பெல்லாம் ஸ்டேஷன் நெருங்க நெருங்க அந்தக் கை படியிறங்குவது தெரியும். என் விரலும் பையின் வாரைப் பிடித்தபடி கூடவே இறங்கும். பிளாட்பாரத்தில் தடுப்புக் கதவு போட்ட பிறகு, வண்டிக் கதவு அதற்கு நேராக நின்றே ஆக வேண்டும் என்பதால், டாஸ்க் என்ற கருவி வந்தது. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக் கோட்டில் நிற்கிறது. கை சும்மா இருக்கிறது. 2022-ல் பயணிகளை ஏற்றிக்கொண்டே, கிளப்புவதையும் தானியங்கியாகச் செய்து பார்த்தார்கள். ஆக, இந்தத் தொடர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை எந்தப் பாதையில் தேவையில்லாமல் போனதோ, அதே பாதையைத் தேர்ந்தெடுத்துப் புது ஆட்டம் செய்திருக்கிறார்கள். ஆட்டத்துக்குள் மட்டும் இன்னும் கையால் நிறுத்துகிறோம்.

"அப்ப வேற எதாவது சொல்லுங்கண்ணா" என்றார் தம்பி. கம்ப்யூட்டரில் ஆடுவதாக இருந்தால் 2022-ல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வந்த ஜேஆர் ஈஸ்ட் ட்ரெயின் சிமுலேட்டர் இருக்கிறது. முகையா மினோரு என்ற இசைக்காரர், பல ஸ்டேஷன்களில் ரயில் கிளம்பும்போது ஒலிக்கும் மெட்டுகளைப் போட்டவர், 1995-லிருந்தே செய்துவருகிற வரிசையில் வந்தது. நிஜப் பாதையில் எடுத்த வீடியோதான் திரையில் ஓடும். பளபளப்பு, பட்டாசு எதுவும் கிடையாது. ஒரே குறை, நாம் பிரேக் பிடித்தால் வீடியோவே மெதுவாகும். பிளாட்பாரத்தில் அவசரமாக நடக்கிற ஆளும் ரயிலோடு சேர்ந்து தண்ணீருக்குள் நடப்பது மாதிரி நடப்பார். எனக்கு அது பழகிவிட்டது. ஆறு வயசுப் பையன் சிரிப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். ரிப்பேர் ஆன பெட்டியைப் பையன் முன்னால் வைத்தேன். "பெரியப்பா, ஹார்ன் எங்க இருக்கு?" அதுதான் முதல் கேள்வி. காட்டினேன். அடுத்த இரண்டு ஸ்டேஷன் தூரமும் ஹார்ன்தான். பிரேக்கை ஒரே இழுப்பில் எட்டுக்குக் கொண்டுபோய், தாண்டி நின்று, இருப்பு நொடியெல்லாம் கரைந்து ஆட்டம் முடிந்ததும் "மறுபடி!" என்று கைதட்டினான். நான் படியிறக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவன் அப்பா என் முழங்கையைப் பிடித்து, "அண்ணா, விடுங்க" என்றார்.

எனவே அவருக்குச் சொன்ன தீர்ப்பு: ஸ்விட்ச் ஆட்டத்தையே வாங்குங்கள். அதற்கென்று வருகிற ஜுய்கி நிறுவனத்தின் மாஸ்கான் என்ற ஒற்றைக் கைப்பிடி கன்ட்ரோலரையும் சேர்த்து வாங்குங்கள், வெறும் பொத்தானில் ஆடினால் அது ரயிலே இல்லை. மெனு முழுக்க ஜப்பானிய மொழி, உங்கள் பையன் உங்களைவிட வேகமாகப் படிப்பான். மினுக்கல், நிலை, வண்டி திறப்பு, நான் இவ்வளவு நேரம் திட்டிய அத்தனையும் அவனுக்குப் பிடிக்கும். "நாற்பது நிமிஷம் திட்டிட்டு அதையே வாங்கச் சொல்றீங்களேண்ணா" என்றார். ஆமாம். பழையதைத் தேடிப் போகாதீர்கள், அதைப் பராமரிக்க உங்களுக்குப் பொறுமை கிடையாது. இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.

அவர்கள் போன பிறகு தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எட்டுக்கு இழுத்து இழுத்து அடித்ததாலோ என்னவோ, ஐந்தாம் நாட்ச் மறுபடி சறுக்குகிறது. பட்ஸ் பாக்கெட்டை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.