கிட்டப்பார்வைக்கு லேசர் சிகிச்சை: மூன்று முறைகள், ஓர் ஒப்பீடு

கிட்டப்பார்வைக்கான முதன்மையான மூன்று லேசர் முறைகளும் கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் கருவிழிப் படலத்தின் (கார்னியா) வளைவைக் குறைத்து, விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும் ஒளியைச் சரியாக அதன்மீது குவியச் செய்கின்றன. லாசிக்கில் படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறந்து, அடியிலுள்ள திசுவை 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால் செதுக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளிவது அதன் பெருஞ்சிறப்பு. எனினும், மடலோடு நுண்ணரம்புகளும் அறுபடுவதால் கண் உலர்வு சில மாதங்கள் நீடிக்கலாம். பலத்த அடிபட்டால், ஆண்டுகள் கழிந்த பின்னும் மடல் விலகக்கூடும். ஸ்மைல் முறையில் மடலே கிடையாது: ஃபெம்டோசெகண்ட் லேசர் உள்ளே பிரித்தெடுக்கும் வில்லை வடிவத் திசுவைச் சில மில்லிமீட்டர் கீறல் வழியே எடுத்துவிடுகிறார்கள். கண் உலர்வுக்கு அஞ்சுபவர்களுக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. மூன்றிலும் பழைய பி.ஆர்.கே., மேற்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவதால், முதல் சில நாட்கள் வலியும் எரிச்சலும் தரும்; பார்வை நிலைபெற வாரங்கள் ஆகும். இருந்தும் படலம் மெல்லியவர்களுக்கும் குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் அதுதான் பாதுகாப்பானது. கருவிழி கூம்பாகும் நோயின் அறிகுறி தென்பட்டால் இம்மூன்றையும் தவிர்த்தே ஆகவேண்டும். 40 வயதையொட்டி வரும் வெள்ளெழுத்தை, அதாவது அருகிலுள்ளவை மங்கித் தெரிவதை, இவற்றில் எதுவும் தடுப்பதில்லை.