ஆறு கோழிக்கு என்கிறது பெட்டி, இடமோ இரண்டுக்குத்தான்

ரெடிமேடாக வாங்கிய மரக் கோழிக்கூண்டு இது. வந்த பெட்டியின் மேல் ‘4 முதல் 6 கோழிகள் வரை’ என்று போட்டிருக்கிறது. படத்திலும் ஆறு நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் புறா அளவுதான். கூண்டு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கோழியைச் சுருக்கிவிட்டார்கள் போல.

டேப்பை எடுத்து உள்ளே அளந்தேன். விளம்பரத்தில் சொல்லும் நீளம் கூரையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, வெளியே துருத்தும் முட்டைப் பெட்டியும் சேர்ந்த கணக்கு. ராத்திரி கோழி அடையும் அறை 3 அடிக்கு 2 அடி, அவ்வளவே. வளர்ந்த நடுத்தரக் கோழி ஒன்றுக்கு அறைக்குள் 4 சதுர அடி, வலையடைத்த வெளியிடத்தில் 8 முதல் 10 சதுர அடி என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் இது ஒன்றரைக் கோழி வீடு.

பகலெல்லாம் திறந்துவிட்டு இருட்டியதும் அடைப்பவர்கள் இவ்வளவு கறார் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் தரையை விட்டுவிட்டு, கோழி ஏறி உட்காரும் கட்டையை அளக்கட்டும். ஒன்றுக்கு 8 முதல் 10 அங்குலம் வேண்டும். இதில் 2 அடிக் கட்டைகள் இரண்டு இருக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. முன்னால் உட்கார்ந்தது பின்னால் இருப்பதன் முகத்தில் வாலை வைக்கும். ஆக ஒரு கட்டைதான் உதவும். என் மூன்று பெட்டைகளும் அதில் இடித்துக்கொண்டு உட்காருகின்றன, அதிலும் இளைத்தது தினம் கொத்து வாங்குகிறது.

அதைவிடப் பெரிய கோளாறு, கட்டையும் முட்டைப் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். இருப்பதில் உயரமான இடத்தில் உறங்கத்தான் கோழி பார்க்கும். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், காலையில் முட்டையெல்லாம் எச்சம். கட்டையை ஒரு முழம் உயர்த்தி, 2 அங்குல அகலத்தில் முனை மழுக்கிய ரீப்பர் சட்டமாக மாற்றிய பிறகே இது நின்றது. உயர்த்தியதும் கூரை தலையில் தட்டுகிற மாதிரி ஆனது வேறு கதை.

சரி, உழைக்குமா? பலகை 10 மி.மீ. கனம், மெல்லிய பைன் மரம். மூலைகளில் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள், வலையை மட்டும் ஸ்டேப்பிள் பின் கொண்டு அடித்திருக்கிறார்கள். மழை பெய்ததும் மரம் ஊதி, எச்சத் தட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. வெயில் வந்ததும் பழையபடி ஓடியது, கதவு மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. பாகங்களை இணைக்கும் முன்பே ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக, வெட்டுமுனை உட்பட, பெயின்ட் அடிப்பது நல்லது. இணைத்த பிறகு இடுக்குகளுக்குள் பிரஷ் போகாது. கால்களை மண்ணில் நிறுத்தவே கூடாது. நான்கு செங்கல் வைத்தால் அடிமரம் ஈரம் குடிக்காது.

கூரையில் தார்ஷீட் ஒட்டியிருக்கிறார்கள். ஒழுகவில்லை. ஆனால் கோழிச்செள் என்ற சிறு ஒட்டுண்ணிகள் வந்துவிட்டால் ஷீட்டின் அடிப்பக்கம் அவற்றுக்கு நல்ல மறைவிடம். பகலில் இடுக்கில் ஒளிந்து ராத்திரி ரத்தம் குடிக்கிற ஜாதி அது, வெப்பக் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். கோழி அடைய மறுத்தால் முதலில் கட்டையின் முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் தார்ஷீட்டைக் கிழித்துவிட்டு அலைத்தகடு போட்டுவிட்டேன்.

வலை அறுகோணக் கண் கம்பி. இது கோழியை உள்ளே வைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் பாய்ந்தால் பின்னோடு பிய்ந்து வரும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி, வாஷர் வைத்து ஸ்க்ரூவால் பிடியுங்கள். ஓரத்தில் ஓரடி அகலம் தரையோடு வெளிப்பக்கம் விரித்துப் போட்டால் தோண்டி நுழைய முடியாது. மரத் திருகுதாழையும் எடுத்துவிட்டுக் கொக்கி போடுங்கள்.

காற்றுக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் கோழியின் மார்புக்கு நேரே. மேலே திறப்பு இல்லாததால் காலையில் கதவைத் திறந்ததும் எச்ச நெடி மூக்கில் ஏறியது. கூரைக்குக் கீழே இருபுறமும் பலகையை அறுத்து வெல்ட்மெஷ் அடித்தபின் நெடி குறைந்தது.

நல்லதும் உண்டு. முட்டைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே மூடி, உள்ளே கை விட வேண்டாம். இரண்டு அறை இருக்கிறது, நாலைந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில் தாராளம். துத்தநாகம் பூசிய தட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை. குள்ளக் கோழி ஒரு ஜோடிக்கோ, அடையுட்காரும் தாய்க்கும் குஞ்சுகளுக்குமோ வாங்கலாம். நாலு பெரிய பெட்டை வளர்க்கிறவர்கள் இதே பணத்தையும் மேலே நான் செலவழித்த வலை, தகடு, ஸ்க்ரூவையும் ஒரு தச்சரிடம் கொடுத்தால் நிமிர்ந்து உள்ளே போய்க் கூட்டுகிற மாதிரி ஒன்று கிடைத்துவிடும். அப்படியும் ரெடிமேடுதான் வேண்டுமென்றால், வாங்குமுன் உள்தரையின் அளவு, பலகையின் கனம், வலைக்கண் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘ஆறு கோழிக்குப் போதும் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.